இரு பக்கமும் ஒன்றுபோல்

செப்டம்பர் 8, ஞாயிறு

ஒருவழியாக வீடியோ ஆட்டம் வந்து சேர்ந்தது. பெங்களூரிலிருந்து மச்சான் தினகரன் அனுப்பியிருக்கிறான். "அக்காவுக்குப் பொழுது போகட்டும் மாமா" என்று போனில் சொன்னான். அவனுடைய அக்காதான் என் மனைவி கோகிலவாணி. டிஸ்க்கைப் போட்டால் உடனே ஆட முடியுமா என்ன? அது தன்னைப் புதுப்பித்துக்கொள்ளவே மதியம் முழுவதும் எடுத்துக்கொண்டது. அதற்குள் நான் துணி காயப்போட்டு, கஞ்சி காய்ச்சி, பாத்திரமும் கழுவி முடித்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் இந்தச் சங்கதிக்கு ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை இல்லாத வீட்டில் எதுக்குடா இந்தப் பொம்மைப் பெட்டி என்று என் அக்கா கேட்ட காலத்திலிருந்தே உண்டு. வாளெடுத்துச் சண்டை போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போகிற ஆட்டங்கள் இவை. முதலில் நம் ஆளுக்கு ஒரு முகம் செய்ய வேண்டும். அது வாணியின் இலாகா. சண்டை என் இலாகா. ஒரு மூக்கைச் செய்ய மூன்று நாள் எடுத்துக்கொள்வாள். "ஏ அம்மிணி, பொண்ணு பாக்கவா வர்றாங்க? நாளைக்கு டிராகன் திங்கப் போற மூஞ்சிதான?" என்பேன். "திங்கறதும் லட்சணமா இருந்துட்டுப் போகட்டுமுங்க" என்பாள்.

இப்போது அவளால் கன்ட்ரோலரைப் பிடிக்க முடியாது. பிப்ரவரியில் இடது தாடையை எடுத்தபோது, அந்த இடத்தை மூடுவதற்கு இடது முன்கையிலிருந்துதான் தோலும் சதையும் எடுத்தார்கள். விரல்கள் இன்னும் மரத்துக் கிடக்கின்றன. வெற்றிலைகூடப் போடாதவளுக்கு வாய்ப்புற்று ஏன் வந்தது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. ஆக, முகம் செய்கிற பொறுப்பும் என் தலையில்.

யாரைச் செய்யலாம் என்று கேட்டேன். வழக்கமாக ஒரு ராணி என்பாள், இல்லையென்றால் கொள்ளைக்காரி என்பாள். பேச்சு குழறினாலும் எனக்குப் புரியும்.

"இந்த வாட்டி என்னையச் செய்யுங்க."

இதைவிடச் சுலபமான வேலை உண்டா? பத்தொன்பது வருஷமாகக் கூடவே இருக்கிற முகம். ஆரம்பத்திலேயே ஒரு நல்ல சமாச்சாரமும் கிடைத்தது. 'இரு பக்கமும் ஒன்றுபோல்' என்று ஒரு கட்டம் இருந்தது. முதல் வேலையாக அதில் டிக் அடித்தேன். பனியன் கம்பெனி பேட்டர்ன் மாஸ்டரான எனக்கு வேறென்ன வேண்டும்? பனியனின் முன்பக்கத்தை நாங்கள் பாதிதான் வரைவோம். துணியை மடித்துப்போட்டு வெட்டினால் மறுபாதி தானாக வந்துவிடும். வலது பக்கத்தை ஒழுங்காகச் செய்தால் போதும்.

செப்டம்பர் 10, செவ்வாய்

சுலபம் என்று எழுதியவனை இழுத்து வைத்து அறைய வேண்டும்.

நிறத்துக்கே ஒரு மாலை போய்விட்டது. மாநிறம் என்று ஒன்று உலகத்தில் இருப்பது இந்த ஆட்டத்தைச் செய்த மகராசன்களுக்குத் தெரியாது போல. ஒன்று பால்கோவா, இல்லையென்றால் சாம்பல். நடுவில் வைத்தால் மஞ்சள் காமாலை. பிறகு மூக்கு. மூக்கின் தண்டுக்கு ஒரு கோடு, நுனிக்கு ஒரு கோடு, நுனியின் நுனிக்கு இன்னொன்று. எல்லாவற்றையும் இடமும் வலமும் நகர்த்தி நகர்த்திப் பார்க்க வேண்டும். கன்னத்தைக் கூட்டினால் கண் சிறுத்துவிடுகிறது. கண்ணைத் திருத்தினால் நெற்றி ஏறிவிடுகிறது. முகம் செய்கிற அறையில் வாணிக்குத் தங்கச்சி மாதிரி இருந்தவள், ஆட்டத்துக்குள் போய் வெயிலில் நின்றதும் தாலுகா ஆபீஸ் ப்யூன் மாதிரி ஆகிவிட்டாள். வெளியே வந்து மறுபடியும் முதலிலிருந்து.

வாணி சோபாவில் என் இடப்பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எப்போதும் அவளுக்கு வலப்பக்கம்தான் உட்கார்வேன். சிரித்தாள் என்று நினைக்கிறேன். அவள் தோள் குலுங்கியது.

செப்டம்பர் 15, ஞாயிறு

காலையில் கம்பெனிக்குப் போக வேண்டியிருந்தது. ஜெர்மனி ஆர்டரில் கழுத்துப்பட்டி சுருங்குகிறதாம். மதியம் வந்து பருப்பும் சாதமும் மிக்ஸியில் அரைத்து, ஆறவைத்து, அவளுக்கு டம்ளரில் கொடுத்தேன். அவள் குடிக்கும்போது நான் அடுப்படியில் எதையாவது பார்ப்பது வழக்கம். சிந்தும், அவளுக்குக் கூச்சமாக இருக்கும் இல்லையா?

போனிலிருந்து பழைய போட்டோக்களைத் தேடி எடுத்தேன். போன வருஷம் தினகரன் கல்யாணத்தில் பட்டுச்சேலையோடு எடுத்தது ஒன்று நேர்முகமாக இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். மாலைக்குள் கிட்டத்தட்ட அவளே. எத்தனை மாதம் கழித்துப் பார்க்கிறேன்!

"இங்க பாரு அம்மிணி, யாருன்னு சொல்லு."

எட்டிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது நானில்லீங்க."

மூக்காக இருக்கும். மூக்கில்தான் ஏதோ உதைக்கிறது.

செப்டம்பர் 22, ஞாயிறு

மூக்கை மறுபடியும் செய்தேன். மூக்குத்தியும் கிடைத்தது, ஏதோ அரபு நாட்டு வளையம், ஆனாலும் பரவாயில்லை. புருவத்தின் நடுவில் பொட்டு வைக்க வழியில்லாமல், மச்சம் என்று ஒன்றை இழுத்துக்கொண்டு வந்து நிறத்தை மாற்றி வைத்தேன். அவ்வளவு மூளை எனக்கு இருப்பது எனக்கே தெரியாது.

"இது போன வருசத்துக் கோகிலவாணிங்க" என்றாள்.

"அவளும் நீயும் வேற வேறயா?"

டிவி பக்கம் திரும்பிக்கொண்டாள். நானும் டிவியைப் பார்த்தேன். இந்த ஆட்டங்களில் எனக்குப் பிடித்ததே அதுதான். ரெண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்திருக்கலாம்.

செப்டம்பர் 25, புதன்

தாடையாக இருக்குமோ? கொஞ்சம் கூர்மையாகிவிட்டதோ? போட்டோவில் வட்டமாகத்தான் இருக்கிறது.

அக்டோபர் 2, புதன்

லீவு. அக்கா வந்தாள். அவள் வண்டிச் சத்தம் கேட்டதும் வாணி உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பிப்ரவரியிலிருந்து ஆஸ்பத்திரியைத் தவிர அவள் வேறெங்கும் போனதில்லை. ஹாலில் இருந்த கண்ணாடியைக் கழற்றிப் பீரோவுக்குப் பின்னால் வைத்தது நான்தான். அவள் கேட்கவில்லை, ஆனாலும் அவளுக்கு அதுதான் நல்லது.

அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மூஞ்சி இப்ப எப்படிடா இருக்குது?" என்றாள்.

"நல்லா இருக்குதுக்கா."

அக்கா போனதும் வாணி வந்து உட்கார்ந்தாள். காதில் விழுந்திருக்கிறது.

"நல்லா இருக்குதுன்னு எப்படிங்க சொன்னீங்க?"

"நல்லாத்தான இருக்குது."

"தையல் காதுக்கு முன்னால போகுதா, பின்னால போகுதா? சொல்லுங்க பாக்கலாம்."

பால் பொங்குகிற மாதிரி இருந்தது. எழுந்து அடுப்படிக்குப் போனேன். இன்று பாலே வாங்கவில்லை என்பது அங்கே போன பிறகுதான் ஞாபகம் வந்தது.

அக்டோபர் 9, புதன்

இன்று செக்கப்புக்குக் கோயமுத்தூர் போக வேண்டிய நாள். தீபாவளி ஷிப்மென்ட் கழுத்தை நெரிக்கிறது. லீவு கேட்கலாம் என்று இருந்தேன், வாணியே வேண்டாம் என்றாள். "தீவாளி முடிஞ்சு போயிக்கலாமுங்க." அதுவும் சரிதான், போன முறை எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதானே டாக்டர் சொன்னார். மழைக்குளிர் வேறு. இடது கன்னத்தை மறைக்கப் போடுகிற துண்டை இப்போதெல்லாம் ரெண்டு பக்கமும் சேர்த்துக் கழுத்தோடு சுற்றிக்கொள்கிறாள்.

அக்டோபர் 13, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் ஐந்தாவது முகத்தைக் காட்டினேன். வாணி பார்க்கக்கூட இல்லை.

"ஏனுங்க, என்னையப் பாத்துச் செய்யுங்க. இப்ப இருக்கறதை."

"அதெதுக்கு அம்மிணி? ஆட்டத்துலயாச்சும்..."

"ஆட்டத்துலயாச்சும்?"

நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்தேன்.

"டிராகன்கிட்டச் சண்டைக்குப் போறது நானு. போன வருசத்துக்காரி போயி என்ன பண்ணுவா? அவ பட்டுச்சேல கட்டிட்டுக் கல்யாணத்துக்குப் போனவ. பகலெல்லாம் ஆப்பரேசன் டேபிள்ல கெடந்தது நானுங்க. ரேடியேசன் கரண்டு வெச்சு வாயெல்லாம் வெந்து, தண்ணி முழுங்க முடியாமக் கெடந்தது நானு. அவளுக்கு என்ன தெரியும்?"

இத்தனை வார்த்தை அவள் சேர்ந்தாற்போலப் பேசி மாதக்கணக்காகிறது. வாயோரம் வழிந்ததைத் துண்டால் துடைக்கிறாள் என்பது தெரிந்தது. நான் கன்ட்ரோலரை எடுத்தேன். இடது கன்னத்தைக் குறைத்தேன். வலது கன்னமும் சேர்ந்து குழிந்தது. இடது தாடையை உள்ளே தள்ளினேன். வலதும் போனது. திரையில் பட்டினி கிடந்த எவளோ ஒருத்தி எங்களைப் பார்த்தாள்.

"இதுல முடியாதாட்ட இருக்குது அம்மிணி. ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் வருது."

துண்டை மடித்து வாயோரத்தில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப இதுல எனக்கு எடமில்லீங்களா?"

எனக்கு வருத்தமாக இருந்தது. கூடவே ஒரு நிம்மதியும் இருந்தது. அது எதற்கு வந்தது என்று நான் யோசிக்கவில்லை.

அக்டோபர் 14, திங்கள்

ராகிக் கஞ்சி. ஆட்டம் இல்லை.

அக்டோபர் 17, வியாழன்

ஆட்டம் இல்லை. கேஸ் வந்தது.

அக்டோபர் 20, ஞாயிறு

தினகரன் போன் செய்தான். ஆட்டம் எப்படி என்று கேட்டான். குப்பை ஆட்டம், ஒரு பக்கத்தைத் தனியாக மாற்ற முடியவில்லை, இதற்கு இத்தனை விளம்பரமா என்று பொரிந்து தள்ளினேன். அவன் சிரித்தான்.

"மாமா, ஆரம்பத்துல ஒரு டிக் இருக்குமே? அதை எடுத்துட்டா ரெண்டு பக்கமும் தனித்தனியா வரும்."

நான் வைத்த டிக். ஒரு மாதத்துக்கு மேலாக ஆட்டத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். பேட்டர்ன் மாஸ்டர் மூளை, எதைப் பார்த்தாலும் பாதியாக மடிக்கிற மூளை.

"யாருங்க, தினகரனா? என்ன சொன்னான்?" என்று வாணி கேட்டாள்.

"சும்மாதான். தீவாளிக்கு வர முடியாதாம்."

அது உண்மைதான். அதையும்தான் சொன்னான்.

அக்டோபர் 24, வியாழன்

இன்று ஒரு யோசனை வந்தது. கரண்டு வைத்தபோது தலை அசையாமல் இருக்க முகத்துக்கு ஒரு வலைமூடி செய்தார்கள். வெந்நீரில் போட்டு இளக்கி, முகத்தின் மேல் அழுத்தி அச்சு எடுத்தது. கடைசி நாளில் வீட்டுக்கே கொடுத்தனுப்பிவிட்டார்கள். பரண் மேல் இருக்கிறது.

வாணி குளிக்கப் போனதும் அதை இறக்கினேன். இஞ்ச் டேப்பை வைத்து அளந்தேன். மூக்கு நுனியிலிருந்து இடது காது, மூக்கு நுனியிலிருந்து வலது காது, வாயோரத்திலிருந்து தாடை. வித்தியாசத்தைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு மூடியைத் திரும்ப ஏற்றிவிட்டேன். இத்தனை வருஷத் தொழிலில் அளவு என்னை ஏமாற்றியதில்லை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. தெருவெல்லாம் வெடி. வாணிக்குப் புதுச் சேலை எடுத்திருந்தேன், கட்டிக்கொண்டாள். இனிப்பு விழுங்க முடியாது என்பதால் பாயசத்தை வடிகட்டிக் கொடுத்தேன்.

மதியம் டிவியைப் போட்டு முகத்தைக் காட்டினேன். டிக்கை எடுத்துவிட்டு நான்கு நாளாக அவளுக்குத் தெரியாமல் செய்தது. இடது கன்னம் லேசாக உப்பி, தாடை உள்வாங்கி, வாய் ஓரமாக இழுத்துக்கொண்டு. அளவு அத்தனையும் சரி. எனக்கு அதைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனாலும் ஒரு பெருமை.

வாணி எழுந்து போய் டிவிக்கு முன்னால் நின்றாள். திரையில் கன்னத்தின் மேல் கையை வைத்தாள்.

"இது கரண்டு வெச்சப்ப இருந்த வீக்கமுங்க. அது வத்தி எத்தன நாளாச்சு."

நான் கன்ட்ரோலரைக் கையில் திருப்பிக்கொண்டிருந்தேன்.

"பரணுக்கு மேல இருந்த மூடியை எடுத்து அளந்தீங்களா?"

எப்படிக் கண்டுபிடித்தாள் என்றே தெரியவில்லை. தலையாட்டினேன். அவள் டிவியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் இங்கதானுங்க உக்காந்திருந்தேன்" என்றாள்.

பக்கத்து வீட்டில் சரவெடி ஒன்று வெடித்து முடிகிறவரை ரெண்டு பேரும் அப்படியே இருந்தோம். பிறகு அவள் உள்ளே போய்விட்டாள்.

நவம்பர் 3, ஞாயிறு

பிப்ரவரியிலிருந்து நான் வாணியின் முகத்தைப் பார்க்கவில்லை. எழுதிவிட்டேன். கட்டுப் பிரித்த அன்று ஒரே ஒரு முறை பார்த்தேன். அதன்பிறகு அவள் நெற்றியைப் பார்த்திருக்கிறேன், காலைப் பார்த்திருக்கிறேன், அவளுக்குப் பின்னால் இருக்கிற சுவரைப் பார்த்திருக்கிறேன். கஞ்சி கொடுத்தேன், துணி துவைத்தேன், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். என்னை யாரும் குறை சொல்ல முடியாது. அதனால்தான் இத்தனை நாள் ஓடியது.

காலையில் குளித்துவிட்டு வந்து, நாற்காலியை ஜன்னலோரம் போட்டு, "வந்து உக்காரு அம்மிணி" என்றேன். அவளுக்கு எதிரில் முக்காலியைப் போட்டு நான் உட்கார்ந்தேன். கன்ட்ரோலர் கையில் இருந்தது. டிவி பக்கவாட்டில் இருந்தது.

அவள் துண்டை எடுக்கவில்லை. "நெசமாவா?" என்றாள்.

"நெசமாத்தான்."

இடது பக்கத்தை மட்டும் விலக்கினாள். தையல் காதுக்குப் பின்னாலிருந்து ஆரம்பித்துக் கழுத்துக்கு இறங்கி, தாடைக்கு அடியில் சுற்றி வருகிறது. கன்னத்தில் ஒட்டிய தோல் வேறு நிறம். அது கைத்தோல், பூனைமுடிகூட இருக்கிறது. உதடு அந்தப் பக்கம் மூடவில்லை. பார்த்தேன். முதலில் பார்வையைத் திருப்பத் தோன்றியது. கொஞ்ச நேரத்தில் தோன்றவில்லை. கண் அப்படியே பழைய கண். என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. இந்தக் கண்ணையும் சேர்த்தா நான் இத்தனை மாதம் பார்க்காமல் இருந்தேன் என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. அவள் என் தலையில் கை வைத்தாள். "செய்யுங்க, செய்யுங்க" என்றாள்.

செய்தேன். பார்ப்பது, கோட்டை நகர்த்துவது, மறுபடியும் பார்ப்பது. ஒரு மணி நேரம் போயிருக்கும். நடுநடுவே அவள் டிவியைப் பார்த்து, "இன்னுங் கொஞ்சம் உள்ள", "அவ்வளவு கோணலில்லீங்க, அநியாயம் பண்ணாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ரெண்டு பேரும் சிரித்தோம். இந்த வருஷத்தில் எனக்குக் கிடைத்த நல்ல நேரம் அதுதான்.

"இடது முடிஞ்சுது. வலது சுலபந்தான், பழைய மூஞ்சிதான. துண்டை எடு."

சிரிப்பு நின்றுவிட்டது. மெதுவாக எடுத்தாள்.

வலது தாடைக்குக் கீழே, கழுத்தில், நெல்லிக்காய் அளவுக்கு ஒரு வீக்கம். தொட்டேன். கல்லாக இருந்தது, அசையவில்லை.

"இது எப்பருந்து?"

"புரட்டாசியிலிருந்து இருக்குதுங்க. மொதல்ல சின்னதா இருந்துது."

"ஏன் அம்மிணி சொல்லல? செக்கப்பு வேண்டான்னியே! ஏன் சொல்லல?" நான் கத்தினேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

அவள் கத்தவில்லை.

"சொல்லியிருந்தா டாக்டரப் பாக்கக் கூட்டிட்டுப் போயிருப்பீங்க. என்னையப் பாத்திருக்க மாட்டீங்க."

நான் அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டேன்.

"தப்புத்தானுங்க" என்றாள். "இன்னிக்குப் பாப்பீங்க, நாளைக்குப் பாப்பீங்கன்னே இருந்துட்டேன்."

நவம்பர் 4, திங்கள்

கம்பெனிக்குப் போன் செய்து வரமாட்டேன் என்று சொன்னேன். எப்போது வருவேன் என்று சொல்லவில்லை.

காலை ரயிலில் கோயமுத்தூர் போனோம். பக்கத்தில் உட்காராமல் அவளுக்கு எதிரில் உட்கார்ந்தேன். சோமனூர் தாண்டியதும் புழுக்கமாக இருக்கிறது என்று துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். பெட்டியில் இருந்தவர்கள் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். "போதுமுங்க, என்னமோ புதுசா கட்டிக்கிட்டவராட்ட" என்றாள். இறங்குகிறவரை பார்த்துக்கொண்டே வந்தேன்.

டாக்டர் கழுத்தின் ரெண்டு பக்கமும் விரலை வைத்து அழுத்திப் பார்த்தார். வலது பக்கம் வந்ததும் விரல் நின்றது. இன்னும் கீழே, தோள்பட்டைக்கு மேலேயும் அழுத்தினார். அங்கேயும் நின்றது.

"ஒரு மாசத்துக்கு மேல இருக்கும்போல இருக்கே. வீட்ல யாருமே பாக்கலையா?"

நான் வாயைத் திறந்தேன். சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். அதற்குள் வாணி அந்த மரத்துப்போன கையை எடுத்து என் கைமேல் வைத்தாள். வார்த்தை குழறாமல் இருக்க மெதுவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"பாத்தாருங்க டாக்டர். இவருதான் பாத்துச் சொன்னாரு."

டாக்டர் எங்கள் ரெண்டு பேரையும் பார்க்காமல் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்படித் திரும்புவது எதற்கென்று எனக்குத் தெரியும்.